குடும்பம் தெரியும், ஆள் தெரியாது

மலேசியாவுக்குப் பறவை பார்க்கப் போகிறவர்களிடம் முதலில் சொல்ல வேண்டியது, அங்கே விடிய ரொம்ப நேரம் ஆகும் என்பதுதான். சூரியனை மட்டும் வைத்துக் கணக்குப் பார்த்தால் கோலாலம்பூர்க் கடிகாரம் நம்முடையதைவிட ஒன்றேகால் மணி நேரம் முன்னால் ஓடினால் போதும். ஆனால் 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைத்து, போர்னியோத் தீவிலிருக்கும் தன் சபா, சரவாக் மாநிலங்களின் நேரத்தோடு சேர்ந்துகொண்டது. இப்போது நமக்கும் அவர்களுக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். மார்ச் மாதத்தில் ஏழேகாலுக்கு மேல்தான் சூரியன் தலைகாட்டும். வால்பாறையிலும் ஊட்டியிலும் ஐந்தரைக்கே பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிப் பழகிய ஆளுக்கு, அங்குள்ள மலைவாசஸ்தலமான ஃபிரேசர் மலையில் கையில் தேநீரோடு இருட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார நேரம் நிறையக் கிடைக்கும்.

இருட்டு என்றாலும் முழு இருட்டு இல்லை. தங்கியிருந்த பழைய பங்களாவின் வெளிச்சுவரில் ஒரு வெள்ளை விளக்கு இரவெல்லாம் எரிந்தது. சுவர் முழுக்க அந்துப்பூச்சிகள். விரல்நகம் அளவு முதல் உள்ளங்கை அளவு வரை, பட்டுத் துணிக்கடையில் சாம்பிள் துண்டுகளை ஒட்டி வைத்த மாதிரி. நீண்ட வாலோடு வெளிறிய பச்சையில் ஒரு நிலா அந்துப்பூச்சி. கதவுக்கு மேலே, சிறகை விரித்தால் ஒரு சாண் தாண்டும் அட்லஸ் அந்துப்பூச்சி. அதன் சிறகு முனை பாம்பின் தலைபோல வளைந்திருக்கும். பனிமூட்டம் இறங்கி, விளக்கைச் சுற்றி வட்டமாக நின்றது.

ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால் புதருக்குள் கசமுசா என்று ஒரு சத்தம். அப்புறம் ஒரு பறவை கம்பித் தடுப்பில் வந்து உட்கார்ந்தது. மஞ்சள் அலகு, கறுப்புத் தலை, கன்னத்தில் வெள்ளிக் காசு ஒட்டியது போல ஒரு திட்டு, கழுத்தில் ஆரஞ்சு, சிறகில் சிவப்பு. வெள்ளிக்காது மெசியா. புத்தகத்தில் பார்த்தபோது ஓவியர் கொஞ்சம் தாராளமாக வண்ணம் அடித்துவிட்டார் என்றுதான் நினைக்கத் தோன்றும். நேரில் பார்த்தால், ஓவியர்தான் அடக்கி வாசித்திருக்கிறார்.

அது ஒரு பூச்சியைக் கவ்வி, கம்பியில் இந்தப் பக்கம் இரண்டு அடி, அந்தப் பக்கம் இரண்டு அடி. சிறகுகள் பிய்ந்து விழுந்தன. உடம்பு உள்ளே போனது. அதற்குள் இன்னும் நாலைந்து வந்துவிட்டன. ஒன்று சுவரில் தாவுகிறது, ஒன்று தரையில் குதிக்கிறது, ஒன்று இன்னொன்றின் வாயிலிருந்து பிடுங்கப் பார்க்கிறது, எல்லாமே ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கின்றன. பின்னாலேயே நீள்வால் சிபியாக்கள் வந்தன. சாம்பல் உடம்பு, கறுப்புத் தொப்பி, படிப்படியாக நீளும் வால். அதற்கும் பின்னால் தவிட்டு நிறத்துச் சிரிப்பான்கள் தரையோடு தரையாகக் குதித்து வந்து, மேலே இருப்பவை சிந்தியதைப் பொறுக்கின. அரை மணி நேரத்தில் சுவர் காலி. சிமெண்ட் தரையில் சிறகுகள் மட்டும், கல்யாணப் பந்தலில் மறுநாள் காலை கிடக்கும் பூவிதழ் மாதிரி. நிலா அந்துப்பூச்சியின் ஒரு வால் மட்டும் தனியாகக் கிடந்தது. அட்லஸை யாரும் தொடவில்லை.

மெசியாவை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. ஆனால் அந்தக் கூட்டத்தின் நடவடிக்கை பரிச்சயமாக இருந்தது. தத்தித் தத்திக் குதிப்பது, தலையைச் சாய்த்து மூலை முடுக்கெல்லாம் துழாவுவது, கூட்டமாக வந்து சண்டை போட்டுக்கொண்டே ஒன்றாகவே கிளம்பிப் போவது. நம் வீட்டுக் கொல்லையில் முருங்கை மரத்தடியில் சருகைப் புரட்டிப் போடுகிற தவிட்டுக்குருவியேதான்! ஒரே குடும்பம். மெசியா, சிபியா, சிரிப்பான், நம் தவிட்டுக்குருவி எல்லாவற்றையும் இப்போது ஒரே குடும்பத்தில்தான் வைக்கிறார்கள். நம்மூர்க்காரருக்கு மண் நிறம். இவருக்குத் திருவிழாச் சட்டை.

முதல் காலையிலேயே புத்தகத்தைப் பைக்குள் வைத்துவிட்டேன். அந்நிய மலையில் முதல் ஒரு மணி நேரத்துக்குப் பெயர் தேடுவதைவிட, 'இது எந்த வீட்டு ஆள்' என்று பார்ப்பது நல்லது. கிளையில் நிமிர்ந்து உட்கார்ந்து, பறந்து ஒரு பூச்சியைப் பிடித்து, அதே கிளைக்குத் திரும்பினால் ஈப்பிடிப்பான் வகை. மரப்பட்டையில் தலைகீழாக இறங்கினால் எறும்பைப் போல ஊர்கிற அந்த நத்தாட்ச் வகை. இங்கே அது கருநீலத்தில், வெள்ளை மார்போடு இருக்கிறது. இலைக்கு நடுவில் அசையாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் சிவப்பு வயிறு, நம் ஆனைமலைத் தீக்காக்கையின் சொந்தம். குடும்பம் பிடிபட்டால், பெயர் மெதுவாக வரும். வராவிட்டாலும் பெரிய நஷ்டம் இல்லை.

என்னைக் கூட்டிப் போனவர் மனைவியின் பெரியப்பா மகன். அவருடைய தாத்தா அந்த வட்டாரத்துத் ரப்பர் தோட்டம் ஒன்றில் மரத்தில் பால் வெட்டியவர். மச்சானுக்குப் பறவையில் ஆர்வம் கிடையாது. கார் ஓட்டுவதிலும் சாப்பாட்டிலும் உண்டு. கோலகுபு பாருவில் வண்டியை நிறுத்தி, "பசியாறிட்டு ஏறுவோம் மச்சான், பறவை எங்கயும் ஓடாது" என்று நம் பரோட்டா மாதிரியான ரொட்டி சானாயும், நுரைக்க ஆற்றிய டீயான தே தாரிக்கும் வாங்கிக்கொடுத்தார். பெட்ரோலும் அங்கேயே நிரப்பிக்கொள்ள வேண்டும். மலைமேல் பங்க் கிடையாது.

அங்கிருந்து சிலாங்கூர் அணையை ஒட்டிச் சாலை வளைந்து ஏறுகிறது. 'கேப்' என்ற கணவாயில் இடது பக்கம் பிரிந்தால் ஃபிரேசர் மலை. கடைசி எட்டுக் கிலோமீட்டர் ஒற்றை வண்டி மட்டும் போகும் அகலம். முன்பெல்லாம் ஏறுகிற வண்டிக்கு ஒரு நேரம், இறங்குகிற வண்டிக்கு ஒரு நேரம் என்று கேட் போட்டு முறை வைத்திருந்தார்கள். கோலகுபு பாருவிலிருந்து கேப்புக்கு ஏறும் சாலையில்தான் 1951 அக்டோபர் 6 அன்று பிரிட்டிஷ் ஹைகமிஷனர் சர் ஹென்றி கர்னி, ஃபிரேசர் மலைக்குப் போகும் வழியில் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களால் சுட்டுக் கொல்லப்பட்டார். மலைக்குப் பெயர் கொடுத்த ஆளின் கதை அதைவிட விசித்திரம். லூயி ஜேம்ஸ் ஃபிரேசர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஈயம் தேடி வந்தார், சுரங்கம் வைத்தார், ஒருநாள் காணாமல் போனார். 1917-ல் சிங்கப்பூர் பிஷப் ஃபெர்குசன்-டேவி அவரைத் தேடிக்கொண்டு மலை ஏறினார். ஃபிரேசர் கிடைக்கவில்லை, ஆனால் குளுகுளுவென்று இருக்கிறதே, ஓய்வுக்கு நல்ல இடம் என்று பிஷப் சொல்லப்போய், 1922-ல் மலைவாசஸ்தலம் திறந்துவிட்டார்கள். இன்றும் அங்கே ஒரு காட்டுப் பாதைக்குப் பெயர் பிஷப் டிரெயில். அதில் நடந்தேன். மழை பெய்தது. அட்டை கடித்தது. பறவை ஒன்றும் கண்ணில் படவில்லை.

அதுதான் இந்த மலையின் வேடிக்கை. காட்டுக்குள் போனால் இலையும் சத்தமும்தான். தார்ச்சாலையில் நின்றால் எல்லாம் தேடி வரும். சாலை வெட்டிய இடத்தில் மலைச்சரிவு கீழே இறங்குவதால், பள்ளத்தில் வளர்ந்த மரத்தின் உச்சி நம் கண் மட்டத்துக்கு வந்துவிடுகிறது. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை. ஏற்றமும் கிடையாது. முட்டிவலிக்காரர்கள் தைரியமாகப் போகலாம்.

பறவை அலை என்று அங்கே சொல்லும் சங்கதியைப் பார்த்ததும் சாலையில்தான். அதுவரை காடு சும்மா இருந்தது. தூரத்தில் சியாமாங் என்ற வாலில்லாக் குரங்குகள் தொண்டைப் பையை ஊதி ஊவென்று கத்தி ஓய்ந்திருந்தன. திடீரென்று ஒரு மரம் முழுக்க அசைவு. சின்னஞ்சிறு ஃபுல்வெட்டாக்கள், நீலச் சிறகு மின்லாக்கள், வாலை விசிறி போல விரித்து ஆடும் விசிறிவால், மஞ்சள் கொண்டையை நிமிர்த்திக்கொண்டு சுல்தான் பட்டாணிக்குருவி, பட்டையைத் தட்டும் மரங்கொத்தி. நடுவே துடுப்புவால் கரிச்சான். நம் காட்டில் இருப்பதைவிடச் சிறியது, கொண்டை இல்லை. வால் கம்பி இரண்டும் நீண்டு முனையில் துடுப்பாக முடிகின்றன. கீழே இருப்பவை இலையைக் கலைத்துப் பூச்சியைக் கிளப்ப, இவர் உயரத்தில் உட்கார்ந்து பறக்கிறதை அபேஸ் செய்கிறார். அதற்குப் பதிலாகக் காவல் வேலை. கழுகோ வல்லூறோ வந்தால் முதல் குரல் கரிச்சானுடையது. இலங்கையின் சிங்கராஜக் காட்டில் இப்படிப்பட்ட கலப்புக் கூட்டங்களை சரத் கொட்டகமவும் ஈபன் குட்டேலும் நீண்ட நாள் ஆராய்ந்திருக்கிறார்கள். கரிச்சான் மற்றப் பறவைகளின் குரலைப் பாவனை செய்தே கூட்டம் சேர்க்கிறது என்பது அவர்கள் கண்டவற்றுள் ஒன்று. ஆனைமலையிலும் இதே ஏற்பாடுதான். வேலை அதே, ஆட்கள் வேறு.

ஐந்து நிமிடம்கூட இருக்காது. அலை சாலையைத் தாண்டிப் போய்விட்டது. காடு மறுபடி சும்மா ஆனது.

மச்சான் காருக்குப் பக்கத்தில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து, "அங்க என்ன மச்சான், குப்பை தொங்குது?" என்றார். சாலைக்கு மேலே நீட்டிய ஒரு கிளையின் நுனியில், வெள்ளத்தில் அடித்து வந்து சிக்கிக்கொண்ட மாதிரி, பாசியும் வேரும் நாருமாக ஒரு மூட்டை. அடியில் ஒரு வால் போல நார்கள் தொங்கின. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சையாக ஒரு பறவை வாயில் ஒரு நாரோடு வந்து அதன் பக்கவாட்டில் தொற்றிக்கொண்டது. கறுப்புத் தொப்பி, மஞ்சள் முகம், நீள நீலவால், தவளையுடையது போல அகன்ற வாய். நீள்வால் பிராட்பில். நாரைச் செருகிவிட்டுப் போனது; இன்னொன்று வந்தது; அதற்குப் பின்னால் இன்னும் ஒன்று. இந்தப் பறவைகள் பலவாகச் சேர்ந்து ஒரே கூட்டைக் கட்டுவது வழக்கம். ஒன்று செருகியதை அடுத்தது இழுத்துப் பார்த்து, வேறிடத்தில் வைத்தது. மேஸ்திரி இல்லாத கட்டட வேலை.

இந்தக் குடும்பம் மட்டும் எனக்குப் புதிது. தமிழ்நாட்டில் பிராட்பில் கிடையாது. இந்தியாவில் பார்க்க வேண்டுமானால் இமயத்தின் அடிவாரக் காடுகளுக்கோ வடகிழக்குக்கோ போக வேண்டும். கூட்டுக்கு நேர் கீழே நிற்காமல் காரைப் பின்னால் எடுத்து, உள்ளே உட்கார்ந்தே பார்த்தோம். மச்சான் போனை எடுக்கவே இல்லை. அந்த மலையில் எனக்குக் கிடைத்த மிக நல்ல காட்சி அதுதான், கண்டுபிடித்தவர் அவர்.

சரி, இமயத்துப் பறவைக்கு மலாய் மலையில் என்ன வேலை? மெசியாவும் இமயத்தில் இருக்கிறது. அங்கிருந்து மியான்மர், வியட்நாம் என்று சுமத்ரா வரை பரவியிருக்கிறது. ஆனால் தொடர்ச்சியாக அல்ல. மலாய்த் தீபகற்பத்தில் அது குளிர்ந்த மலைக்காட்டை விட்டுக் கீழே இறங்காது. கீழே இருக்கும் புழுக்கம் அதற்குக் கடல் மாதிரி. ஒவ்வொரு மலையும் ஒரு தீவு. பனியுகத்தில், கிட்டத்தட்ட 20,000 ஆண்டுகளுக்கு முன், இங்கெல்லாம் இன்னும் குளிராக இருந்தது. மலைக்காடு இன்னும் கீழே வரை படர்ந்திருந்தது. கடல் மட்டம் 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்து, சுமத்ராவுக்குத் தரைவழி இருந்தது. அப்படிப்பட்ட காலங்களில் மலை விட்டு மலை போக முடிந்தது. பிறகு வெப்பம் ஏற ஏறக் காடு உச்சிக்குச் சுருங்கியது. பறவைகளும் அதோடு ஏறி, அங்கங்கே மாட்டிக்கொண்டன.

நீலகிரியிலும் பழனியிலும் இதே கேள்விதான். அங்கிருக்கும் சிரிப்பான்களின் சொந்தங்கள் இமயத்தில். நடுவில் தக்காணம். இமயத்து உயிரினங்கள் மத்திய இந்தியாவின் சாத்பூரா மலைகள் வழியாகத் தெற்கே வந்திருக்கும் என்றொரு கருத்தை விலங்கியலாளர் சுந்தர் லால் ஹோரா மீன்களை வைத்து முன்வைத்தார். பறவைக்காரர்களும் அதை எடுத்துக்கொண்டார்கள். 2017-ல் வி. வி. ராபினும் கூட்டாளிகளும் மரபணு பார்த்து, சோலைக்காட்டுச் சிரிப்பான்கள் இங்கேயே வெகுகாலமாகத் தனித்து வளர்ந்த வேறு பேரினம் என்று காட்டி, மாண்டிசிங்க்லா என்று பெயரிட்டார்கள். அதாவது நம் சிரிப்பான், எப்போதோ பிரிந்துபோன பங்காளி. மலாய் மலைச் சிரிப்பானும் அப்படித்தான். தீபகற்ப மலேசியாவின் மலைகளிலும், ஒட்டிய தாய்லாந்தின் தென்கோடியிலும் தவிர வேறெங்கும் அது இல்லை. விளக்கடியில் சிந்தியதைப் பொறுக்கியதே, அதே ஆள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒரு புகாரையும் சொல்ல வேண்டும். ஒரு பாதை முகப்பில் படமெடுக்கும் குழு ஒன்று முகாமிட்டிருந்தது. பாசி படர்ந்த கட்டை ஒன்றை நட்டு, அதன்மேல் புழுக்களை வைத்து, ஸ்பீக்கரில் பறவைக் குரலை ஓட்டிக்கொண்டே இருந்தார்கள். நில்டாவா ஈப்பிடிப்பான் ஒன்று வந்து, புழுவை எடுத்துக்கொண்டு, ஸ்பீக்கரைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது. தன் எல்லைக்குள் எவனோ புகுந்துவிட்டான் என்று அதற்குப் பதற்றம். மார்ச் மாதம், கூடு கட்டும் பருவம் வேறு. எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் யோசித்தால், பங்களா விளக்கும் ஒரு வகையில் புழு வைத்த கட்டைதான். அந்த விளக்கு இல்லாவிட்டால் மெசியா என் முகத்துக்கு முன்னால் வந்திருக்காது, அந்துப்பூச்சிகளும் செத்திருக்காது. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு என்று நினைக்கிறேன். விளக்கு யாரையும் கூப்பிட்டு ஏமாற்றுவதில்லை, வேறு காரணத்துக்காக எரிகிறது. இந்த வாதம் அந்துப்பூச்சியிடம் எடுபடாது என்பதும் தெரியும். மறுநாள் இரவு படுக்கப் போகும்போது வராந்தா விளக்கை அணைத்தேன். சிறிது நேரத்தில் காவலாளி வந்து போட்டுவிட்டுப் போனார். அவருக்குப் பாம்பு பயம்.

தீக்கொண்டைக் குக்குறுவானைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நம் ஊர்க் குக்குறுவான் 'குட்ரூ குட்ரூ' என்று நாளெல்லாம் ஒரே தாளத்தில் கத்தும். இது சில்வண்டு மாதிரி ஆரம்பித்து, வேகம் பிடித்து, சட்டென்று நிறுத்துகிறது. பழுத்த அத்திமரம் ஒன்றில் பார்த்தேன். தடித்த வெளிர் அலகில் குறுக்காக ஒரு கறுப்புப் பட்டை. அலகு தொடங்கும் இடத்தில், பெயின்ட் பிரஷ்ஷைச் சிவப்பில் முக்கி ஒட்டியதுபோல மயிர்க் குஞ்சம். பழத்தை விழுங்கிவிட்டு அலகைக் கிளையில் இரண்டு பக்கமும் துடைத்தது. அந்தத் துடைப்பு மட்டும் அச்சு அசலாகக் கோயம்புத்தூர்.

இறங்கும்போது கேப்பில் ஒரு மணி நேரம் நின்றோம். ஐந்நூறு மீட்டர் கீழே வந்ததற்கே கூட்டம் மாறிவிட்டது. மெசியா இல்லை, சிபியா இல்லை. வெக்கை ஏறியது. இருவாச்சி ஒன்று பள்ளத்தாக்கைக் கடந்தது. சிறகோசை ரயில் எஞ்சின் மூச்சு விடுவது போலக் கேட்டதே தவிர, எந்த இருவாச்சி என்று சொல்லும் அளவுக்கு வெளிச்சம் வாய்க்கவில்லை. மலாய்ச் சீகாரப் பூங்குருவி இந்தச் சாலையோரத்தில்தான், அதுவும் விடியுமுன் இருட்டில், வந்து இரை தேடும் என்று சொல்வார்கள். நாங்கள் நின்றது பதினொரு மணி வெயிலில். நீலகிரியில் அதன் உறவுக்காரர் ஓடைப் பாலத்தில் உட்கார்ந்து சீட்டியடிப்பதைக் கேட்டவர்களுக்கு, இது விட்டுப் போனதில் கொஞ்சம் வருத்தம் இருக்கத்தான் செய்யும்.

வண்டியில் மச்சான் கேட்டார், "அந்தக் குப்பைக்கூட்டுப் பறவை வேற எங்க இருக்கு?" போர்னியோவில் கினபாலு மலையில் அதன் தூரத்துச் சொந்தம் ஒன்று உண்டு, முழுக்கப் பச்சை, கறுப்புப் புள்ளிகள் என்றேன். 1880களில் ஜான் வைட்ஹெட் என்ற ஆங்கிலேயர் அந்த மலையில் அலைந்து பறவைகள் சேகரித்தார். பிராட்பில் ஒன்று, தீக்காக்கை ஒன்று, சிலந்திபிடிப்பான் ஒன்று, மூன்றும் ஆங்கிலத்தில் அவர் பெயரில்தான் இருக்கின்றன; மூன்றையும் ஒரே பயணத்தில் பார்ப்பதற்கென்றே ஆட்கள் போகிறார்கள். கினபாலு 4,095 மீட்டர், ஆனால் பறவைக்காக உச்சிக்கு ஏற வேண்டியதில்லை, பூங்கா அலுவலகத்தைச் சுற்றியுள்ள சாலையிலேயே நடக்கலாம்.

"அங்கேயும் ரோட்டுலதானா?"

"ரோட்டுலதான்."

"அப்ப சரி. ரொட்டி சானாய் கிடைக்குமான்னு மட்டும் விசாரிச்சு வைங்க."